நடுத்தோப்பில் கட்டிய துண்டு

என்னைப் பேசக் கூப்பிட்டதற்கு நன்றியெல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிவிட்டேன். நேரம் கொஞ்சம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதை நன்றியிலேயே செலவழிக்க முடியாது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்குக் காலையிலிருந்து படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். பாகூர் ஏரிக்கு வருகிற பறவைகள், நம் நாற்றங்காலில் வளர்கிற காசான், வீரை, மோதிரக்கண்ணி, வெட்டாமல் விட்டுவைத்திருக்கிற பழங்காடு. எல்லாம் நல்ல படங்கள்தான். அந்த நாற்றுகளில் பலவற்றுக்கு நானே உட்கார்ந்து மண் கலந்திருக்கிறேன். ஆனால் படத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வேலையில் அப்படி நிற்க மாட்டார்கள், அதையும் யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும் இல்லையா?

சவுக்கு நட்டு, வளர்த்து, வெட்டி, காகித ஆலைக்கு அனுப்புகிற கம்பெனிக்குக் காட்டுயிர் மேல் என்ன கரிசனம் என்று என் தங்கை வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல் செய்வார். "மரத்தையும் வெட்டுவீங்க, மயிலையும் வளப்பீங்களா?" என்பார். நியாயமான கேள்விதான். நான் சொல்கிற பதில் இது: ஒரு தோப்பு நாலு வருஷம் ஆள் நடமாட்டம் இல்லாமல் நின்றால், நாம் கூப்பிடாமலே உயிர்கள் குடிவந்துவிடும். குடிவந்தவர்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை இடிக்கக்கூடாது. இதற்கு மேல் பெரிய தத்துவம் ஒன்றும் என்னிடம் இல்லை.

குருவிநத்தத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அன்றைக்கு என்னோடு இருந்த புது ஆபீசர் இப்போது உங்களுக்கெல்லாம் மேலாளர். பெயர் சொல்ல மாட்டேன். கடைசி வரிசையில் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் திருகிக்கொண்டே இருக்கிறாரே, அவரை யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

அந்த இடத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே ரோடு. கிழக்கே ஆற்றங்கரையை ஒட்டி நம் பழங்காடு. இரண்டுக்கும் நடுவில் சவுக்கு. அந்த நிலத்தில் கம்பெனிக்கு அது முதல் வெட்டு. வெட்டுகிற ஆட்கள் இரண்டு செட்டு. குருவிநத்தத்துச் செட்டு ஒன்று, அதற்கு ஏழுமலை மேஸ்திரி. ஏம்பலத்துச் செட்டு ஒன்று, அதற்கு மரியதாஸ் மேஸ்திரி. இருவரையும் கூப்பிட்டு, "ரோட்டுப் பக்கம் ஆரம்பித்து, ரெண்டு செட்டும் சேர்ந்து ஒரே திசையில் கிழக்கே வெட்டிக்கொண்டு போங்கள். உள்ளே இருக்கிற முயல், கீரி, கவுதாரி எல்லாம் நமக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து பழங்காட்டுக்குள் போய்விடும்" என்று சொன்னேன். "சரி மேடம்" என்றார்கள். இரண்டு பேரும் எவ்வளவு பவ்யமாகத் தலையாட்டினார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் திருக்கனூர்ப் பக்கம் வேறொரு தோப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். இங்கே ஏழுமலை செட்டு மேற்கிலிருந்து வெட்டுகிறது, மரியதாஸ் செட்டு கிழக்கிலிருந்து வெட்டுகிறது. இரு பக்கமும் இன்னும் ஓரிரு வரிசை வெட்டினால் நடுவில் வீட்டு அகலத்துக்கு ஒரு நீளமான பட்டை மட்டும்தான் மரமாக மிஞ்சும். அதற்குப் பெயர் நடுத்தோப்பு. இந்தப் பக்கத்தில் சவுக்கு வெட்டுகிறவர்களுக்கு அது திருவிழா மாதிரி.

வழக்கம் இதுதான். இரண்டு செட்டும் எதிரெதிரே வெட்டிக்கொண்டு வரும். நடுத்தோப்பை யார் முதலில் எட்டுகிறார்களோ அந்த மேஸ்திரி தன் தலைத்துண்டை அவிழ்த்து அதன் முதல் மரத்தில் கட்டிவிடுவார். கட்டியாகிவிட்டால் நடுத்தோப்பும் அதற்குள் மாட்டிக்கொண்ட அத்தனையும் அந்தச் செட்டுக்குச் சொந்தம். தோற்ற செட்டு கோடாரியைக் கீழே போட்டுவிட்டு ரோட்டில் லாரிப் பக்கம் போய் நிற்க வேண்டும். ஜெயித்தவர் கூப்பிடாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. ஜெயித்தவர்தான் தோற்றவர்களுக்கும் சேர்த்துச் சோறு போட வேண்டும். நாயை விட்டு முயல் பிடிப்பார்கள், மதியம் குழம்பு கொதிக்கும். சட்டப்படி குற்றம். வேறு தோப்புகளில் இதற்காக நான் கத்தாத கத்தல் இல்லை, பிடுங்கி எறியாத வலை இல்லை.

"ஏன் மேஸ்திரி, நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"ரெண்டு செட்டும் ஒரே பக்கம் நின்னா ஒருத்தன் வெட்ற மரம் இன்னொருத்தன் மேல வுழும் மேடம்" என்றார். சுத்தப் பொய். சொல்லும்போது அவரே வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு டீ குடித்துக்கொண்டே நிஜத்தைச் சொன்னார். அவருடைய பெண்ணுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குத் திருக்கனூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியும் சட்டையுமாக ரோட்டோரம் ஒரு சவுக்குக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு, நல்லாத்தான் இருக்கேம்பான்னு சொல்லுது மேடம். எல்லாப் பொண்ணும் அப்பன்கிட்ட அதான் சொல்லும். இவரு இன்னா மாதிரி ஆளுன்னு எனக்குப் புடிபடவே மாட்டுது. ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்றாரு. நம்மள மதிக்கிறாரா, எளக்காரமா நெனைக்கிறாரா, ஒண்ணும் தெரில. ராத்திரியில தூக்கம் வரல எனக்கு. இன்னிக்கி முயல் கறி போடறன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒரு வாய் துன்னாருன்னா மனசு வுட்டுப் பேசுவாரு."

இதைக் கேட்டபின் எப்படிக் கத்துவது? என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. டீ முடியட்டும், தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அதற்குள் நம் புது ஆபீசர் நடுத்தோப்பின் ஓரத்திலிருந்து ஓடி வந்தார். உள்ளே காய்ந்து விழுந்த கிளைகள் சேர்ந்த மிளாறுக் குவியலுக்கு அடியில் காட்டுப்பூனை ஒன்று குட்டிகளோடு இருப்பதைப் பார்த்துவிட்டார். மூன்று குட்டி. நல்ல கண் அவருக்கு, அதை யாரும் மறுக்க முடியாது. பார்த்ததும் என்னிடம் சொல்லியிருக்கலாம். நேரே எல்லாருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, "எல்லாரும் நிறுத்துங்க! இனி ஒரு மரம் வெட்டினாலும், ஒரு முயல் புடிச்சாலும் அத்தனை பேர் மேலயும் கேஸ்! மேஸ்திரி, முதல் கேஸ் உங்க மேலதான்!" என்று போட்டார் ஒரு சத்தம்.

அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் மாப்பிள்ளை அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழுமலையின் முகம் சுண்டிப்போய்விட்டது. கோடாரியைத் தொப்பென்று கீழே போட்டார்.

"கேஸா? போடு சார். போலீஸ் வண்டி வர வரைக்கும் இங்கயே குந்திக்கினு இருக்கறோம்" என்று நடுத்தோப்புக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் செட்டு மொத்தமும் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் மரியதாஸ், "குருவிநத்தத்தானுக்கு மட்டும்தான் ரோஷமா?" என்று தன் செட்டையும் உட்காரவைத்தார். அதுவரை ஒருத்தரை ஒருத்தர் முந்தப் பார்த்தவர்கள், இப்போது நமக்கு எதிராக ஒன்றாகிவிட்டார்கள்.

புது ஆபீசர் என்னிடம் வந்து, "மேடம், வெட்டு நின்னுடுச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"நின்னுடுச்சு தம்பி. பூனை எந்தப் பக்கமாப் போகும், சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுநடுவே நாய்கள். கிழக்கே பழங்காடு இருக்கிறது, ஆனால் அதற்குப் போகிற வெட்டவெளியில் மரியதாஸ் ஆட்கள் வெற்றிலைப் பையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மரம் வெட்டியபோது இருந்த ஆபத்தைவிட வெட்டு நின்றபின் பூனைக்கு ஆபத்து அதிகமாகிவிட்டது. தாய் மிரண்டு குட்டிகளை விட்டு ஓடினால் குட்டிகள் நாய் வாய்க்குத்தான் போகும். அவ்வளவு பேரும் எழுந்து ரோட்டுக்குப் போக வேண்டும். முதலில் எழுகிற செட்டு தோற்ற செட்டு. எந்த மேஸ்திரி எழுவார்? கெஞ்சினால் ஏறிக்கொள்வார்கள், மிரட்டல் ஏற்கெனவே வீணாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் விதி நம்மிடம் இருக்கிறது, சரி. அவர்களிடமும் ஒரு விதி இருக்கிறது. நம் விதியை மீறிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். அவர்கள் விதியை அவர்கள் மீறவே மாட்டார்கள். அது என்னவென்று தெரிந்துவைத்துக்கொள்ளாமல் களத்தில் இறங்காதீர்கள்.

நான் ஏழுமலையிடம் போய், "மேஸ்திரி, துண்டு கட்டிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. அதுக்குள்ளதான் இந்த சாரு வந்து..."

"மரியதாஸ், நீங்க?"

"இன்னும் இல்ல மேடம்."

"அப்போ நடுத்தோப்பு யாருக்கும் சொந்தமில்லை. நான் கட்டப் போறேன்" என்றேன்.

ஏழுமலை, கோபத்தையும் மறந்து, "அதெப்படி மேடம்? இந்தத் தோப்புல ஒரு மரமாவது வெட்னவங்கதான் கட்டலாம்" என்றார். விதி என்று வந்துவிட்டால் அவரே வக்கீல்.

"குடுங்க கோடாரியை" என்றேன்.

ஐயோ, அந்தக் கண்றாவியை நான் எப்படிச் சொல்ல! ஓரமாகத் தப்பி நின்ற ஒல்லிச் சவுக்காகப் பார்த்துத்தான் எடுத்தேன். இவர்கள் இரண்டு போடில் சாய்க்கிற மரம். முதல் போடு மரத்தில் படவே இல்லை. இரண்டாவதில் கோடாரி மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. வருஷக்கணக்காக இவர்களை மேய்த்திருக்கிறேன், ஒரு நாள்கூட நான் வெட்டியதில்லை. "மேடம், மரத்துக்கு வலிக்கப் போவுது, மெதுவா" என்று ஏம்பலத்துப் பெண்கள் ஆரம்பித்தார்கள். "காலை அகட்டி வெச்சிக்கோங்க மேடம்" என்று மரியதாஸ். "இது சாயறதுக்குள்ள அடுத்த நடவு வந்துடும்" என்று யாரோ. சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்கு மூச்சு வாங்கியது, கை எரிந்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் சிரிக்கிறவர்கள் கோபமாக இருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். விடாமல் கொத்திக் கொத்தி ஒருவழியாக அந்த மரத்தைச் சாய்த்தேன். கைதட்டினார்கள்.

வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து நடுத்தோப்பின் முதல் மரத்தில் கட்டினேன். "இது என் தோப்பு. உள்ளே இருக்கிறதெல்லாம் என்னுது. எல்லாரும் லாரிப் பக்கம் போங்க. மதியச் சோறு என் பொறுப்பு" என்றேன்.

மரியதாஸ் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை மரியதாஸைப் பார்த்தார். இரண்டு பேருமே தோற்றாயிற்று, ஆகவே யாரும் தோற்கவில்லை. "கட்டிட்டாங்கடா. எழுந்திருங்க" என்றார் ஏழுமலை. நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டார்கள், கிழக்கே இருந்த கூட்டமும் சுற்றி வந்து லாரியோரம் நின்றது. பழங்காட்டுக்குப் போகிற வெட்டவெளி காலியாகிவிட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முதலில் வெளியே வந்தது ஒரு முயல். திசை தெரியாமல் மேற்கே ஓடிவந்து, ஏழுமலையின் காலுக்குப் பக்கத்தில் நின்று, முழித்து, திரும்பி ஓடியது. குனிந்திருந்தால் கையால் பிடித்திருக்கலாம். அவர் அசையவில்லை. "மேடம், உங்க முயல் ஓடுது, பாத்துக்கோங்க" என்றார். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்புறம் பூனை வந்தது. சாம்பலும் மஞ்சளும் கலந்த உடம்பு, நீண்ட கால், காது நுனியில் கொஞ்சம் கறுப்பு. வாயில் ஒரு குட்டி. மரத்தை விட்டு வெளியே வந்து, எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிழக்கே வெட்டவெளியைத் தாண்டிப் பழங்காட்டுக்குள் நுழைந்தது. "வெருகு மேடம், கோழி புடிக்கறது" என்று முணுமுணுத்த மரியதாஸ்கூட, அது திரும்பி வந்து இரண்டாவது குட்டியைத் தூக்கிப் போனபோது மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்த்தார்.

மூன்றாவதற்குத் திரும்பி வருகையில் பாதி வழியில் நாய் குரைத்துவிட்டது. ஏழுமலையின் நாய். டைகர் என்று பெயர், சரியான ரவுடி. பூனை நின்றது, பின்வாங்கியது, பழங்காட்டுக்குள் மறைந்துவிட்டது. மிளாறுக்கு அடியிலிருந்து தனியாகக் கிடந்த குட்டி கத்துவது எங்களுக்குக் கேட்டது.

"நான் போய்த் தூக்கிட்டு வந்து அந்தப் பக்கம் விட்டுடவா மேடம்?" என்றார் புது ஆபீசர்.

"வேண்டாம். நாம் தொட்டால் காரியம் கெட்டாலும் கெடும். காத்திருப்போம்" என்றேன். எதையாவது செய் என்று கை துடிக்கிறபோது சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. லாரி டிரைவர் பொறுமை இழந்து வண்டியைக் கிளப்பப் போனார். மரியதாஸ் சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார்.

மற்ற நாய்கள் அடங்கிவிட்டன, டைகர் மட்டும் அடங்கவில்லை. பிடித்து அமுக்கினால் இன்னும் துள்ளியது. வேறு யாரிடம் கொடுத்தாலும் கடிக்க வந்தது. தானே இழுத்துக்கொண்டு போகலாம் என்றால், செட்டை அடக்கிவைக்க மேஸ்திரி அங்கே நிற்க வேண்டும். ஏழுமலை நாயைப் பார்த்தார், அந்தக் குட்டி கத்துகிற திசையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். வந்த நேரத்திலிருந்து நாய் வாலாட்டிய ஒரே ஆள் மாப்பிள்ளைதான். முதல் விருந்துக்கு வந்தவரை நாய் பிடிக்கச் சொல்வதா? ஊரில் சொன்னால் காறித் துப்புவார்கள்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. இத்த கொஞ்சம் வூட்டாண்ட இட்டுக்கினு பூடறீங்களா? இது இங்க இருந்தா அந்தப் பூனை வராது."

மாப்பிள்ளை "சரி மாமா" என்றார். இரண்டே வார்த்தை. கயிற்றை வாங்கிக்கொண்டு நடந்தார். வெள்ளை வேட்டியில் நாய் மண்காலோடு ஏறி விளையாடுவதை ஏழுமலை பார்த்துக்கொண்டே நின்றார். "முடிஞ்சுது மேடம். கறிக்கு இட்டாந்துட்டு நாயைக் குடுத்து அனுப்பிட்டேன். அவுங்க வூட்ல போய் இன்னா சொல்லப் போறாரோ" என்றார்.

நான் வாக்குக் கொடுத்தபடி நாட்டுக்கோழி வாங்க ஆள் அனுப்பினேன். லாரிக்கு அந்தப் பக்கம் அடுப்பு மூட்டினார்கள். மசாலா அரைப்பதைக்கூடச் சத்தமில்லாமல் அரைத்தார்கள். மரியதாஸ் தரையில் குச்சியால் கோடு போட்டு, "அடுத்த தபா ரெண்டு செட்டும் பக்கத்துப் பக்கத்துல நின்னு ரோட்லேந்து வெட்டுவோம். எவன் மொதல்ல பழங்காட்டு ஓரத்தைத் தொடறானோ அவன் துண்டு. இன்னா சொல்ற?" என்று ஏழுமலையைக் கேட்டார். நான் சொன்னதையேதான் அவர் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. நீங்களும் அப்படிப்பட்ட சமயத்தில் திறக்காதீர்கள். அதற்கடுத்த வெட்டிலிருந்து அந்தத் தோப்பில் அப்படித்தான் நடக்கிறது.

குழம்பு கொதிக்க ஆரம்பித்த பிறகு பூனை வந்தது. இந்தத் தடவை எங்களைப் பார்க்கவே இல்லை. நேரே உள்ளே போய், கத்திக்கொண்டிருந்த குட்டியைக் கவ்விக்கொண்டு, ஒரே ஓட்டமாகப் பழங்காட்டுக்குள் போய்விட்டது. யாரோ ஒரு பெண் "அப்பாடா, தாயே!" என்று வாய்விட்டுச் சொன்னாள். புது ஆபீசர் அழுதுவிட்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அழுதேன்.

ஏழுமலை மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். அவருக்குப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான், ஊருக்கே கேட்கும்.

"மாப்ள, சோறு ஆயிடுச்சி. நாயை வூட்ல கட்டிட்டு வந்துடுங்க."

"வூட்டுக்கு எங்க மாமா போனேன்? வழியிலயே கயிறு அறுந்துடுச்சி. புளியமரத்தாண்ட குந்திக்கினு இது கழுத்தைக் கட்டிப் புடிச்சிக்கினு இருக்கேன். இப்பதான் மடியில தூங்குது. எழுந்தா எகிறிக்கினு அங்க வந்துடும். அது கிடக்கட்டும், அந்தக் குட்டி இன்னா ஆச்சி? அம்மாக்காரி வந்து தூக்கிக்கினு போனாளா இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க."

"பூடுச்சி மாப்ள. மூணும் பூடுச்சி."

"நெஜமாவா? எனக்கு இங்க உயிரே இல்ல மாமா. சத்தம் போடாம இருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் உள்ள போவட்டும். நீங்கல்லாம் மொதல்ல துன்னுங்க, எனக்கு எடுத்து வைங்க போதும். உங்க பொண்ணுகிட்ட சொன்னா நம்பவே மாட்டா, அவளையும் இட்டாந்திருக்கலாம் மாமா..."

அவர் பேசிக்கொண்டே போனார். ஏழுமலை போனைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். பேசி முடித்ததும் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"நல்ல எடத்துலதான் மேடம் குடுத்திருக்கேன்" என்றார்.

மாப்பிள்ளைக்கான சோற்றை ஒரு தூக்குவாளியில் போட்டு, அவரே எடுத்துக்கொண்டு புளியமரத்தை நோக்கி நடந்தார்.